கரை வெச்ச ஊடு

வாங்க அம்மிணி, வாங்க. மேஸ்திரி நாகராசு போன்ல சொன்னாருங்க, புதுசா ஊடு கட்டறவங்க வருவாங்க, உங்க ஊட்டு வேலைப்பாட்டக் கொஞ்சம் காட்டுங்கம்மான்னு. யாரு அவருக்கு வேலை குடுத்தாலும் மொதல்ல இங்கதான் அனுப்புவாரு. இந்தப் பெருந்துறையில அவரு கட்டுன ஊடு எத்தனையோ இருக்குது, ஆனா காட்டறதுக்கு என்ற ஊடுதான். செருப்ப அந்த ஸ்டேண்டுல உட்டுருங்க. உங்க ஊட்டுக்காரரு வெளியில போன் பேசிட்டு மெதுவா வரட்டும். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் சொன்னாலும் ஏறாது.

நீங்க நம்ம ஆளுங்கதான்னும் நாகராசு சொல்லிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க, நான் கேக்கல, அவரா சொன்னாரு. என்ற கொணம் அவருக்குத் தெரியும்.

வந்ததும் எல்லாரும் அண்ணாந்து சீலிங்கப் பாப்பாங்க, லைட்டப் பாப்பாங்க. நீங்க கீழ பாருங்க. ஒரு ஊட்டோட லட்சணம் ஓரத்துலதான் இருக்குது. படியேறி வந்தீங்களே, படி முனை கால்ல உறுத்துச்சா? உறுத்தாது. கிரானைட்ட வெட்டுன வாக்குல அப்படியே வெக்காம, முனைய உருட்டி வெச்சிருக்குது. செவுத்தடியில ஓடுது பாருங்க ஸ்கர்ட்டிங், அது செவுத்த உட்டுத் துருத்திக்கிட்டு நிக்குதா? நிக்காது. பூசறதுக்கு முன்னாடியே செவுத்தக் குடைஞ்சு உள்ள தள்ளி ஒட்ட வெச்சேன். தூசி உக்கார எடமில்ல. எதுத்த ஊட்டுக்காரங்க மூணு மாடி கட்டி லிப்ட்டே போட்டிருக்கறாங்க, ஸ்கர்ட்டிங் வெக்கலீங்க. மாப் போட்டுப் போட்டு செவுத்தடி பூராவும் அழுக்கு. லிப்டுல ஏறி என்ன பண்றது, கால் கழுவாத கொழந்தையாட்ட நிக்குது ஊடு.

காட்டுக்கு வரப்பு, சேலைக்குக் கரை, ஊட்டுக்கு ஓரம். கரையில்லாத சேலைய யாராச்சும் ஆசப்பட்டுக் கட்டுவாங்களா, சொல்லுங்க. இப்ப நான் கட்டியிருக்கறதப் பாக்காதீங்க, இது என்ற தலையெழுத்து. அதுக்குத்தான் வர்றேன்.

இந்த அலமாரிக் கதவத் தொட்டுப் பாருங்க. பிளைவுட்டு வெட்டுன எடத்துல அப்படியே உட்டா உள்ள அடுக்கடுக்கா இருக்கற சக்கை பூராவும் தெரியும். அது மேல ஒரு பட்டைய ஒட்டிட்டா முழு மரமாட்டத் தெரியும். குடும்பமும் அப்படித்தான் அம்மிணி. உள்ள ஆயிரம் இருக்கும். ஓரத்துல ஒட்ட வேண்டியத ஒட்டிட்டா வெளிய தெரியாது.

இந்தா, இதுதான். எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறது இதைத்தான். ஹாலு முடியற எடத்துல குறுக்கால ஓடுது பாருங்க, கருப்பு கிரானைட்டுப் பட்டை. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் ஒரே கல்லு, ஒட்டே கெடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை டைல்ஸ், நடுவுல மை தீட்டுனாப்புல கருப்பு. அக்கட்ட சமையக்கட்டு, சாமி ரூம்பு, எங்க ரூம்பு. இக்கட்ட ஹாலு, பையன் ரூம்பு, வாசல். பார்டர்னு சொல்லுவாங்க. நான் கரைன்னுதான் சொல்லுவேன்.

மொதல்ல இது பிளான்லயே இல்லீங்க. எங்கூட்டுக்காரரு சென்னியப்பனும் பையனும் சேந்து, வாசல்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும் ஒரே டைல்ஸ், ஒரே ஓட்டமா இருக்கட்டும்னு முடிவு பண்ணி ஒட்டியும் ஆச்சு. அப்பத்தான் பையன் வந்து நிக்கறான், அம்மா, எங்க பேங்குல ஒரு புள்ள இருக்குது, அதையத்தான் கட்டிக்குவேன்னு. எனக்கு ஒரே பையன், தரணீதரன். அந்தப் புள்ள பேரு இளவரசி. பேரு மட்டும் இளவரசி. நம்ம ஆளுங்க இல்லீங்க. அதுக்கு மேல என்ற வாயில வராது, நீங்களே புரிஞ்சுக்குங்க.

நான் அழுதனா? மருந்தக் குடிக்கறேன்னு மெரட்டுனனா? இல்லீங்க. எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தி அப்படிப் பண்ணி, ஊரு பூராவும் சிரிச்சுது. நான் வாயே தொறக்கல. எங்கூட்டுக்காரரு ரிஜிஸ்டர் ஆபீசுல போயி சாட்சிக் கையெழுத்தே போட்டுட்டு வந்தாரு. பையன் சந்தோசமா இருந்தாப் போதும்னாரு. சரிங்கன்னுட்டேன். அடுத்த நாளு நாகராசக் கூப்பிட்டு, இந்த எடத்துல டைல்ச அறுத்துட்டு ஒரு கருப்புக் கரை வெய்யிங்கன்னேன். அவரு முழிக்கறாரு. ஏம்மா, இங்க வாசக்காலும் இல்ல, கதவும் இல்ல, ஒட்டுன டைல்ச அறுத்து எதுக்கும்மா பார்டருங்கறாரு. அழகுக்குன்னேன். கல்லு பதிச்சதும் எங்கூட்டுக்காரரு அதையே பாத்துட்டு நின்னாரு. எதுக்கு தெய்வானன்னு ஒருக்கா கேட்டாரு. அழகுக்குத்தாங்கன்னேன். வெளிய போயிட்டாரு.

ஊட்டு வேலை முடிஞ்சு அந்தப் புள்ள வலது கால எடுத்து வெச்சு உள்ள வந்துச்சு. ஆலாத்தி நானேதான் எடுத்தேன், கொறை சொல்ல முடியாது. புதுப் பொண்ணு வெளக்கேத்தோணுமில்ல. அது சாமி ரூம்பப் பாத்து நேரா நடந்து வருது. நான் வெளக்கத் தூக்கிட்டு வந்து, கரைக்கு இக்கட்ட ஒரு முக்காலி போட்டு அது மேல வெச்சேன். இங்கயே ஏத்து கண்ணுன்னேன். அவ வெளக்கப் பாத்தா, கீழ கல்லப் பாத்தா, என்ற மொகத்தப் பாத்தா. ஏத்துனா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை நான் சொல்லல, ஒரு வார்த்தை அவ கேக்கல. படிச்ச புள்ளைங்க, சட்டுனு புடிச்சுக்குவாங்க.

அதுக்கப்பறம் கூட இருந்த காலம் பூராவும் அவ இந்தக் கரையத் தாண்டுனதே இல்லீங்க. சோத்தைப் போட்டு நான் இங்க கரை மேல வெப்பேன், அவ எடுத்துக்குவா. அவளுக்குன்னு ஓரத்துல பூக்கரை போட்ட தட்டு வாங்கி வெச்சிருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி தட்டா இருந்தா கழுவறப்ப மாறிப்போயிருமில்ல. அதையும் அழகாயிருக்குது அத்தைன்னு சொல்லித்தான் வாங்கிக்கிட்டா. பையன் காலையில போனா ராத்திரி வருவான், அவனுக்கு என்ன தெரியும்? அம்மா மருமகளுக்குத் தட்டுல போட்டுக் குடுக்கறாங்கன்னு சந்தோசப்பட்டுக்குவான். இவருக்குத் தெரியும். இவரு சோத்தத் தூக்கிட்டு வந்து அவளுக்கு எதுக்கால ஹால்லயே உக்காந்து சாப்புட ஆரம்பிச்சுட்டாரு. டிவி பாக்கறதுக்காக இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

பேத்தி பொறந்துச்சு. ஆதிரை. மூக்கும் முழியுமா எங்க வமிசத்து மொகம்தான், அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். இவருக்கு அது மேல உசுரு. எந்நேரமும் இக்கட்டயே கெடப்பாரு, அது வயித்து மேல ஏறிக் குதிக்கும்.

அது தவழ ஆரம்பிச்சப்ப அவ லீவு முடிஞ்சு பேங்குக்குப் போயிட்டா, இவரு கடைவீதிக்குப் போனா நாந்தான் பாத்துக்கோணும். தவழற கொழந்தைக்குக் கரையென்ன, காடென்ன? சமையக்கட்டுல தாளிக்கற சத்தம் கேட்டா சரசரன்னு வந்துரும். கல்லு மேல கைய வெக்கறப்ப தோசக்கரண்டிக் காம்பால கை மேல லேசா ஒரு தட்டு. ஒரே ஒரு தடவைதான். அடுப்புக்கிட்ட வரக்கூடாதில்ல, சுட்டுரும். அப்பறம் இன்னொருக்கா வந்துச்சு, அப்ப ஒண்ணு. சரி, ஒரு வாரம் பத்து நாளு தட்டியிருப்பேன்னு வெச்சுக்குங்க. அழும். அழாம எந்தக் கொழந்த வளந்துச்சு? அதுக்கப்பறம் பாத்தீங்கன்னா, இந்தக் கரை வரைக்கும் வரும், கல்லப் பாத்ததும் பிரேக் போட்டாப்புல நின்னுரும். சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு என்னையவே பாக்கும். கைய ரெண்டையும் மடியில வெச்சுக்கும்.

அது அப்படி ஒரு அதிசயமாப் போச்சுங்க. சொந்தக்காரங்க வந்தா காட்டுவேன். நான் அக்கட்ட உக்காந்துக்கிட்டு பிஸ்கட்டக் காட்டி, வாடி தங்கம், வா வாம்பேன். அது வேகமா வரும், கல்லுக்கிட்ட வந்ததும் நின்னுரும். கை நீட்டும், ஆனா கரைக்கு மேல நீட்டாது. வா வான்னு கூப்புடக் கூப்புட ஒதட்டப் பிதுக்கிட்டு அழும், தாண்டாது. எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்போம். எங்க நாத்தனா சொல்றா, தெய்வான, நீ நாய்க்குட்டியக் கூட இப்படிப் பழக்க முடியாதுடீன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஆயிரம் இருந்தாலும் எங்க ரத்தம், சொன்னதப் புடிச்சுக்குதேன்னு.

ஒருநாள் அப்படிச் சிரிச்சுட்டிருக்கறப்ப தரணி வந்துட்டான். அன்னைக்குப் பாத்து பேங்குல சீக்கிரம் உட்டுட்டாங்களாட்ட இருக்குது. பின்னாலயே அவளும் நிக்கறா. கொழந்த அழுகுது, நான் பிஸ்கட்டப் புடிச்சுட்டிருக்கறேன். பையன் கொழந்தையப் பாத்தான், என்ற கையப் பாத்தான். அப்பறம் கீழ கல்லப் பாத்தான். அத்தன நாளு அது மேல நடந்து போயிட்டு வந்தவன், அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்கறவனாட்டப் பாத்தான். அந்தப் புள்ள வந்து கொழந்தையத் தூக்கிக்கிட்டு, அதுவரைக்கும் என்னைய எதுத்து ஒரு சொல்லு சொல்லாதவ, சத்தமில்லாமச் சொன்னா.

"எனக்குத் தெரிஞ்சுதானுங்க அத்தை நின்னேன். இதுக்கு என்னங்க தெரியும்?"

அன்னைக்குச் சாயந்தரமே துணிமணிய எடுத்துட்டு ஈரோட்டுக்குப் போயிட்டாங்க. இவரு வாசக் கேட்டு வரைக்கும் போயி, அந்தக் கொழந்தையோட கையப் புடிச்சு மொகத்துல வெச்சுக்கிட்டாரு. திரும்பி வந்தவரு அதுக்கப்பறம் எங்கிட்டத் தேவைக்குத்தான் பேசுனாரு. ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு பெரிய ரோசம், பாத்துக்குங்க. அந்தப் புள்ள போகறப்ப தட்டக் கழுவிக் கரை மேல கவுத்து வெச்சுட்டுப் போயிருந்தா. நறுவிசு, நறுவிசுதான். அதைய நான் எங்கயும் சொல்லுவேன்.

மூணு நாலு வருசம் ஓடுச்சு. இவருக்கு நுரையீரல் கெட்டுப்போயி படுத்துட்டாரு. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. எங்க ரூம்புலதான் படுக்கை, கட்டில அவரே வாசப்பக்கமாத் திருப்பிப் போடச் சொன்னாரு. ஹாலு தெரியோணுமாம். எந்நேரமும் ஒரே பேச்சு, ஆதிரையக் கூட்டிட்டு வரச் சொல்லு, ஒருக்காக் கையில புடிச்சுப் பாத்தர்றேன்னு. நானேதான் பையனுக்குப் போன் போட்டேன். யாரும் என்னையக் கல்லு மனசுக்காரின்னு சொல்ல முடியாது.

வந்தான். அந்தப் புள்ள காருலயே உக்காந்துக்கிச்சு. கொழந்த குடுகுடுன்னு ஓடி வந்துச்சுங்க, பள்ளிக்கோடம் போற வயசு, கவுனு போட்டுக்கிட்டு. அப்பாரு, அப்பாருன்னு இவரக் கூப்புட்டுக் கத்திக்கிட்டே வந்துச்சு. இந்தக் கரைக்கிட்ட வந்துச்சு. நின்னுருச்சு.

ரெண்டு காலையும் சேத்து வெச்சு நிக்குது அம்மிணி. நீங்க இப்ப நிக்கற எடந்தான்.

இவரு கட்டில்ல இருந்து கைய நீட்டி, வா சாமி, வாங்கறாரு. தரணி பின்னால இருந்து, போ தங்கம், போங்கறான். அது யாரையும் பாக்கல. என்னையப் பாக்குது. நான் சாமி ரூம்பு வாசல்ல நின்னுட்டிருந்தேன். தரணியும் என்னையப் பாக்கறான். இவரும் என்னையப் பாக்கறாரு. வா கண்ணுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா சொல்ல வாய் வரல. ஏன்னு கேட்டா, அந்த நேரத்துலயும் எனக்கு ஒரே ஆச்சரியம். பால் குடிக்கற வயசுல படிச்சுக்குடுத்தது, இத்தன வருசம் கழிச்சும் மறக்கலையே. நாம வெச்ச கரை இப்படி நெஞ்சுக்குள்ள நிக்குதேன்னு.

அதுக்குள்ள தொப்புன்னு சத்தம். இவரு கட்டில்ல இருந்து எறங்கறேன்னு கீழ உழுந்துட்டாரு. தூக்கப் போனேன், என்ற கையத் தட்டி உட்டுட்டாரு. எந்திரிக்க முடியல. தவழ்ந்தே வந்தாருங்க. ரூம்பத் தாண்டி, இந்த டைல்ஸ் மேல கைய ஊனி, மூச்சு வாங்கிக்கிட்டு, கொழந்தையாட்டத் தவழ்ந்தே வந்து, இந்தக் கரைக்கு மேல கைய நீட்டி, அது கால் வெரலப் புடிச்சுக்கிட்டாரு. அது அப்படியே குந்தி உக்காந்து அவரு தலையத் தடவுது.

சத்தம் கேட்டு அந்தப் புள்ள காருல இருந்து ஓடி வந்துருச்சு. அவரு தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிச்சு. மாமா, மாமான்னு ஒரே அழுகை. அப்பவும் நான் பாத்தேன், அவ காலு ரெண்டும் இக்கட்டயேதான் இருந்துச்சு. ஒரு வெரல் தாண்டல.

இவரு பையங்கிட்ட, என்னைய உங்க ரூம்புக்குத் தூக்கிட்டுப் போயிருன்னாரு. அவன் தூக்கிட்டான். நானும் பின்னாலயே போனேன். கரைக்கிட்ட வந்ததும் அவரு பையன் தோள்ல இருந்தே திரும்பிப் பாத்தாரு.

"நீ அங்கயே இரு, தெய்வான. கரை அழகாத்தான் இருக்குது."

அந்தக் கல்லு பதிச்ச நாள்ல இருந்து அழகுன்னு அவரு வாயில வந்தது அன்னைக்குத்தானுங்க. கடைசியிலயாச்சும் ஒத்துக்கிட்டாரேன்னு இருந்துச்சு. ஆனா அங்கயே இருன்னாரே, அதுதான் எனக்கு வெளங்கல. இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவரு சுடுசொல்லு சொல்லி நான் கேட்டதே கெடையாது. ஒடம்பு சரியில்லாதவங்க என்னத்தையோ சொல்லுவாங்க.

அந்த ரூம்புல கொஞ்ச நாளு இருந்தாரு. அவளும் பையனும் லீவு போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தாங்க. அவ கேஸ் அடுப்பு ஒண்ண அந்த ரூம்புலயே வெச்சுக் கஞ்சி காச்சி ஊட்டுவா. நான் எங்கையால ரசஞ்சோறு பெசைஞ்சு தட்டுல போட்டு இந்தக் கரை மேல கொண்டாந்து வெப்பேன். யாரும் எடுக்க மாட்டாங்க. ஆறிப் போனதும் நானே எடுத்துக் கொட்டிருவேன். நான் அந்த ரூம்புலயே போட்டு வெச்சிருந்த பூக்கரைத் தட்டுலதான் அவரு கஞ்சி குடிப்பாராம், கொழந்த வந்து சொல்லுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. கட்டுன பொண்டாட்டி இங்க குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், எவளோ ஊட்டறதக் குடிச்சுக்கிட்டு அங்க கெடக்கறாரு. கூப்புட்டா போலாம்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு சத்தம், ஏ தெய்வானன்னு ஒரு சத்தம் போதும். கூப்புடாம எப்படிங்க போறது? இருன்னு சொல்லிட்டாரில்ல. நானும் ரோசக்காரிதான்.

ஒரு மத்தியானம் திடீர்னு தரணி அப்பான்னு கத்துனான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. கையில இருந்த கரண்டியோட ஓடி வந்தேன். இந்த எடத்துல அந்தக் கொழந்த தனியா உக்காந்து என்னமோ வெளையாடிட்டிருக்குது. நான் கால எடுத்து வெக்கப் போறேன், அது என்ற சேலையப் புடிச்சு இழுத்து, அடித்தொண்டையில, யாருக்கும் கேட்டரக்கூடாதுங்கறாப்புல எனக்குச் சொல்லுச்சு.

"தாண்டாதீங்க அப்பத்தா. அடிப்பாங்க."

எனக்கு நல்லது சொல்லுதாமா. எனக்கு வலிக்கக்கூடாதாமா. கண்ணுல தண்ணி கட்டி நிக்குது அதுக்கு.

நான் நின்னுட்டேனுங்க. என்ன மாயமோ, காலு எந்திரிக்கல. அங்க எல்லாரும் அழுகுற சத்தம் கேக்குது, நான் இங்க கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், அந்தக் கொழந்த என்ற சேலையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அப்பறம் அக்கம்பக்கத்துச் சனம் வந்துதான் கைத்தாங்கலா என்னையக் கூட்டிட்டுப் போயி மொகத்தக் காட்டுனாங்க. காரியம் முடிஞ்சதும் பையனும் அவளும் கொழந்தையோட ஈரோட்டுக்குப் போயிட்டாங்க. கூப்புட்டா வருவாங்களோ என்னமோ, நான் கூப்புடல. நம்ம மேல தப்பு இருந்தாத்தான கூப்புடோணும்.

விடுங்க. என்ற கதையப் பேசி உங்க நேரம் போச்சு. நீங்க கருப்பே போடுங்க அம்மிணி. பச்சை, செவப்பெல்லாம் போட்டா வெள்ளை டைல்சுக்கு நடுவுல எடுப்பா இருக்காது. நாகராசுகிட்ட ஒரே கல்லா வாங்கச் சொல்லுங்க, ஒட்டு வந்தா கொஞ்ச நாள்ல அழுக்கு ஏறிக்கும். என்றது பாருங்க, இத்தன வருசத்துல ஒரு கீறல் உண்டா? தெனமும் நானேதான் தொடைக்கறேன். வேலைக்காரிய உடறதில்ல.

வாங்க, சமையக்கட்டக் காட்டறேன். மேடையோட முனைய எப்படி உருட்டியிருக்குதுன்னு பாத்தீங்கன்னா அசந்து போயிருவீங்க. காப்பியும் போட்டுத் தர்றேன்.

வாங்க அம்மிணி. நீங்க தாராளமா வரலாம்.

ஏனுங்க, நீங்க எதுக்கு அங்கயே நின்னுட்டீங்க?